கிட்டாருக்குள் ஒரு தேக்குத் துண்டு

ஜெபா உறையைப் பிரித்துக் கிட்டாரைப் பழுதுபார்க்கும் மேசையில் வைத்தபோதே அது யாருடைய கடையிலிருந்து வருகிறது என்று சௌம்யாவுக்குத் தெரிந்துவிட்டது. தலைப்பகுதியில் வெள்ளி எழுத்தில் கிஷோரின் பெயர்.

"இன்னா ஜெபா, வழி மாறி வந்துட்டியா?"

"திட்டாத சௌமி. எங்க கடைல கம்பி மாத்தற ஆளு ஊருக்குப் பூட்டான். ஞாயித்துக்கெழம அறிமுக விழா. இந்த புது மாடல கிஷோரே மேடைல வாசிக்கறான். அம்பத்தூர்ல உன்ன உட்டா யார்கிட்ட போவேன்?"

"இங்க வந்துகினு கீறது அவனுக்குத் தெரியுமா?"

"தெரிஞ்சா என் குச்சிய புடுங்கி என்னையே அடிப்பான். ஞாயித்துக்கெழம காலைல வாங்கினு நேரா மண்டபத்துக்குப் போய்டுவேன்."

ஜெபா ஒருகாலத்தில் சௌம்யாவும் கிஷோரும் வாசித்த ஹெவி மெட்டல் குழுவில் டிரம்மர். இப்போது பூந்தமல்லியில் கிஷோரின் கடையில் சம்பளத்துக்கு இருக்கிறான். அவன் போனபிறகு சௌம்யா வெகுநேரம் அந்தக் கிட்டாரைத் தொடவில்லை. தூங்கும் மிருகத்தைப் பார்ப்பதுபோல அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்தக் குழுவில் அவள் வாசித்தது மிதக்கும் பிரிட்ஜ் வைத்த மலிவான கிட்டார். கம்பிகளின் அடிமுனையைப் பிடித்திருக்கும் தகடுதான் பிரிட்ஜ். கம்பிகள் அதை ஒரு பக்கம் இழுக்கும். உடம்புக்குள் மறைந்திருக்கும் ஸ்பிரிங்குகள் எதிர்ப்பக்கம் இழுக்கும். இரண்டு கோபங்களுக்கு நடுவே பிரிட்ஜ் எதன்மேலும் படியாமல் நிற்கும். அதிலிருந்து நீளும் கைப்பிடியை அழுத்தினால் சத்தம் கிணற்றில் விழுவதுபோல இறங்கும். மேலே இழுத்தால் அலறிக்கொண்டு ஏறும். ஆனால் ஒரு கம்பியைத் தளர்த்தினால் போதும், ஸ்பிரிங் ஜெயித்துவிடும், மற்ற ஐந்தும் சுதி ஏறிவிடும். கிஷோரின் பாட்டுகளுக்கோ நடுவில் தடித்த கம்பியைத் தளர்த்தி இறக்கியாக வேண்டும்.

அதனால் ஒரு தடுப்பு வைத்திருந்தாள். ஆவடி குவார்ட்டர்ஸில் அப்பா பழைய கதவிலிருந்து அறுத்துக் கொடுத்த தேக்குத் துண்டு. கிட்டாரின் பின்பக்கக் குழிக்குள், ஸ்பிரிங் இழுக்கும் பக்கம் அதைச் செருகிவிட்டால் பிரிட்ஜ் அந்தப் பக்கம் நகராது. கைப்பிடி கீழே போகும், மேலே வராது. அவ்வளவுதான் நஷ்டம். அந்தக் குழியில் ஒரு திருகு துருத்திக்கொண்டிருந்ததால், துண்டின் ஒரு மூலையைச் சாய்வாகச் செதுக்கியிருந்தாள்.

ஆவடியில் நடந்த ஒரு போட்டிக்கு முந்தின நாள், கம்பி மாற்றித் தருகிறேன் என்று கிஷோர் அவளுடைய கிட்டாரை வாங்கிப்போனான். மறுநாள் மேடையில், பாட்டின் நடுவில், அவள் தடித்த கம்பியைத் தளர்த்தினாள். அடுத்த அடியில் கிட்டார் முழுவதும் சுதி கோணிக்கொண்டது. அவள் முறுக்க முறுக்க இன்னும் கெட்டது. கூட்டம் சிரித்தது. மேடைக்குப் பின்னால் வந்து பார்த்தபோது குழி காலியாக இருந்தது.

"வர்ற வழில எங்கனா உழுந்திருக்கும்," என்றான் கிஷோர். அவள் நம்பினாள்.

பிறகு அந்த வீடியோ வந்தது. யாரோ அவளுடைய விரல்களுக்கு மிக அருகில், அந்தக் கம்பியின் முறுக்காணியை மட்டும் எடுத்திருந்தார்கள். பாட்டு தொடங்கும் முன்பே கேமரா அந்த இடத்தில் காத்திருந்தது. கிஷோர் அதைத் தன் புதுக் கடைக்கு விளம்பரமாக்கினான். 'மிதப்பது மூழ்கும். அசையாத பிரிட்ஜ் வாங்குங்கள்.' அப்போது காற்றும் அந்தப் பக்கம்தான் அடித்தது. கனமான கம்பி, இறங்கிய சுதி, மரத்தோடு இறுக்கிய பிரிட்ஜ் என்று எல்லோரும் அதையே கேட்டார்கள். கடை வளர்ந்தது. சௌம்யாவை எந்தக் குழுவும் கூப்பிடவில்லை. நெமிலிச்சேரி ஸ்டேஷனில்கூட ஒருவன் கேட்டான்: "மூழ்குன பொண்ணு நீதான?"

இப்போது காற்று திரும்பிவிட்டது. பழைய அலறலைப் புதுப் பிள்ளைகள் போனில் கண்டுபிடித்துவிட்டார்கள். கைப்பிடி இல்லாத கிட்டாரைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு அப்படியே திருப்பி வைக்கிறார்கள். கிஷோரின் சுவரொட்டியும் மாறியிருந்தது: 'மிதக்கும். இறங்கும். சுதி கெடாது.' பிரிட்ஜின் ஓரத்தில் ஒரு சின்ன லீவர். இழுத்தால் தடித்த கம்பி ஒரே நொடியில் இறங்கும், மற்றவை அசையாது என்றான். எப்படி முடியும் என்று அவளுக்கு விளங்கவில்லை.

பின்மூடியைத் திறந்தாள். விளங்கியது.

குழிக்குள், ஸ்பிரிங் இழுக்கும் பக்கம், ஒரு தேக்குத் துண்டு. ஒரு மூலை சாய்வாகச் செதுக்கியிருந்தது.

இந்தக் குழியில் துருத்திக்கொண்டிருக்கும் திருகு எதுவும் இல்லை. அந்தச் சாய்வுக்கு இங்கே ஒரு வேலையும் இல்லை. அவளுடைய துண்டை அச்சாக வைத்து, எதற்கென்றே தெரியாமல், அந்த மூலையையும் சேர்த்து நகலெடுத்திருக்கிறான்.

ஆகவே அது வழியில் விழவில்லை.

அழுகை வரும் என்று நினைத்தாள். வந்தது பசி மாதிரி ஒன்று. துண்டை உருவி ஜீன்ஸ் பையில் போட்டுக்கொண்டாள். புதுக் கம்பி பூட்டி, ஸ்பிரிங்கைத் தளர்த்திச் சமன் செய்தாள். கைப்பிடி கீழேயும் போனது, மேலேயும் வந்தது. முதல்முறையாக அந்தக் கிட்டார் சுவரொட்டியில் சொன்னபடி மிதந்தது. பின்மூடியை மாட்டாமல் உறையோடு தனியாக வைத்தாள். அடிக்கடி திறக்கிற யாரும் அதை மாட்டுவதில்லை, ஜெபாவுக்கும் அது வித்தியாசமாகப் படாது.

ஞாயிறு மதியம் அம்பத்தூரில் ஒரு கல்யாண மண்டபம். காலையில் நடந்த நிச்சயதார்த்தத்தின் வாழைமரங்கள் வாசலில் அப்படியே நின்றன. கறுப்பு டீ-ஷர்ட் கூட்டம் அதன் கீழே நுழைந்துகொண்டிருந்தது. சௌம்யா முன்வரிசையில் உட்கார்ந்தாள். அவன் லீவரை இழுக்கும் கணத்தை அவள் மனதுக்குள் ஏற்கெனவே பலமுறை பார்த்துவிட்டாள். ஒவ்வொரு முறையும் அது இன்னும் நன்றாக இருந்தது.

கிஷோர் மைக்கைப் பிடித்தான். "மச்சான்களா, நான் வாசிச்சா கடைக்காரன் ஏமாத்தறான்னுவீங்க. அதனால எங்க கடைல கத்துக்கற பொண்ணு வாசிக்கும். மொத மேடை. கைதட்டுங்க, கவிப்பிரியா!"

ஒல்லியாக ஒரு பெண் மேடையேறினாள். உதட்டைக் கடித்துக்கொண்டே வாசிக்கத் தொடங்கினாள். நன்றாக வாசித்தாள். சொல்லிக்கொடுத்தபடி கைப்பிடியைக் கீழே மட்டும் அழுத்தினாள். சத்தம் கிணற்றில் விழுந்தது. கூட்டம் ஊளையிட்டது.

சௌம்யாவின் கை பைக்குள் போனது. துண்டின் சாய்ந்த மூலை விரலில் குத்தியது. போகட்டும், கிட்டார் அவனுடையதுதானே, அசிங்கமும் அவனுக்குத்தானே என்று சொல்லிக்கொண்டாள்.

"இப்ப லீவரு!" என்றபடி கிஷோர் போனை எடுத்துக்கொண்டு கவிப்பிரியாவின் அருகில் போனான். குனிந்தான். அவளுடைய விரல்களுக்கு மிக அருகில் போனைப் பிடித்தான்.

ஆவடி வீடியோவின் அதே கோணம்.

"இழுக்காத!"

தன் குரல்தான் என்று தெரிவதற்குள் சௌம்யா மேடையில் இருந்தாள். கிஷோரின் முகத்தில் சிரிப்பு பாதியில் நின்றது.

"இன்னா சௌமி, இங்க எங்க நீ? எறங்கு."

"உன்கிட்ட பேசல." கவிப்பிரியாவிடம் திரும்பினாள். "பாப்பா, அதுல ஒரு சாமான் கம்மியா கீது. கைப்பிடிய அழுத்திப் புடி, அக்கா மாட்டித் தரேன்."

கவிப்பிரியா பயந்து அழுத்தினாள். சௌம்யா கிட்டாரின் பின்பக்கத்தைக் கூட்டத்துக்குத் திருப்பினாள். மரத்துண்டை எல்லோரும் பார்க்கும்படி தூக்கிக் காட்டினாள். தேவைக்கு அதிகமாகவே காட்டினாள். பிறகு அதைக் குழிக்குள் செருகினாள்.

"இப்ப உடு. இப்ப லீவர இழு."

இழுத்தாள். தடித்த கம்பி இறங்கியது. மற்ற ஐந்தும் அசையவில்லை.

பின்வரிசையிலிருந்து ஒருவன் கேட்டான்: "அண்ணாத்தே, மிதக்குதுன்ன? கைப்பிடிய மேல இழுக்கச் சொல்லு பாப்போம்!"

கவிப்பிரியா கிஷோரைப் பார்த்தாள். பிறகு மேலே இழுத்தாள். கைப்பிடி வரவில்லை. இன்னும் பலமாக இழுத்தாள்.

"முட்டு குடுத்து வச்சிகிறான் மாமே!"

சிரிப்பு பின்வரிசையில் தொடங்கி முன்னால் வந்தது. ஆவடியில் கேட்ட அதே சிரிப்பு. இந்தப் பக்கமிருந்து கேட்டால் இவ்வளவு இனிமையா என்று சௌம்யாவுக்கு ஆச்சரியமாக இருந்தது. டிரம் அருகே நின்ற ஜெபா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் தோள்கள் குலுங்கின.

கிஷோர் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னான்: "இன்னா வோணும் உனக்கு?"

"என் துண்டு. நீ எடுத்துகினு போனது. மூலைய எதுக்குச் செதுக்கினேன்னு கூட தெரியாம வருசையா அறுத்துனு கீறியே, அது."

அவன் கையிலிருந்த போன் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. சௌம்யா அதன் பக்கம் குனிந்து தன் முகத்தை நன்றாகக் காட்டினாள்.

"இதையும் போடு," என்றாள்.

பிறகு கவிப்பிரியாவின் முதுகில் தட்டி, "வாசி. சுதி சரியாத்தான் கீது," என்றாள்.

அந்தப் பெண் மூச்சை இழுத்துக்கொண்டு வாசித்தாள். மிதக்காத கிட்டாரில் அவள் நன்றாகவே வாசித்தாள். சௌம்யா இறங்கி முன்வரிசையில் தன் நாற்காலியில் உட்கார்ந்தாள். பாட்டு முடியும்வரை அவள் கிட்டாரைப் பார்க்கவில்லை, கிஷோரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.