துரை குளித்த மதியம்

அடுப்புக்குப் பின்னால் இருந்த இடுக்கில் தூங்கி எழுந்து வந்த துரையின் முதுகு முழுக்க எண்ணெய்ப் பிசுக்கு. துரை என்பது பூனை. சாம்பல் நிறம், உருண்டை முகம், செம்பு நிறக் கண், வெல்வெட்டுத் துணிபோல அடர்ந்த குட்டை முடி. மகள் ஆசையாக வாங்கி வந்த சீமைச் சாதி. வீடே தன் பெயரில் இருப்பதுபோல நடப்பதால் அப்படிக் கூப்பிட ஆரம்பித்து, அதுவே நிலைத்துவிட்டது.

"நக்கிக்கிட்டே இருக்கான் அத்தை. வயித்துக்குள்ள போனா ஆகாது. இப்பவே குளிப்பாட்டிடலாம். நீங்க கொஞ்சம் பிடிச்சுக்கிறீங்களா?" என்றார் மாப்பிள்ளை.

அத்தைக்குத் தூக்கிவாரிப் போட்டது. மாப்பிள்ளை அவளிடம் இவ்வளவு நீளமாகப் பேசியதே இல்லை. "சாப்பிட்டீங்களா?" "ஆச்சு." அதோடு சரி. மகள் பிரசவத்துக்குப் போனதிலிருந்து ஒரே வீட்டில் இருவரும் ஒருவர் வழியில் ஒருவர் படாமல் நடமாடிக்கொண்டிருந்தார்கள். அவர் பேக்கரியில் ரொட்டி போடுகிறவர். மதியம் வந்து தலையில் மாவோடு இரண்டு வாய் அள்ளிப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுவார். அவள் காலமெல்லாம் சரக்கு ரயில் ஓட்டி ஓய்வு பெற்றவள். குறைமாதத்தில் பிறந்து கண்ணாடிப் பெட்டிக்குள் தேறிய பேத்தி மறுநாள் வீட்டுக்கு வருகிறாள்.

"வழுக்கிக் கீழ போட்டுட்டா?" என்றாள்.

"போட மாட்டீங்க, வாங்க."

முதலில் நகநுனிகளைக் கத்தரித்தார். ரப்பர் பிரஷ்ஷால் முதுகை வாரினார். வார வார உள்முடி பஞ்சாகக் கிளம்பி, குளியலறை ஜன்னலின் மங்கிய கண்ணாடி வழியே வந்த வெயிலில் மிதந்தது. விழவே மனமில்லாததுபோல அது அந்தரத்திலேயே நின்றது. தொட்டியின் அடியில் கால் வழுக்காமலிருக்க ஒரு பழைய துண்டை விரித்து, பூனையின் முழங்கால் அளவுக்கு வெந்நீர் விளாவியிருந்தார்கள். அவள் இரண்டு கையாலும் துரையைத் தூக்கி இறக்கினாள். அது ஒருமுறை கத்தியது. பிறகு மானம் போனவர்போலச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றது.

மாப்பிள்ளை குவளையால் மொண்டு ஊற்றினார். தண்ணீர் முடிக்குள் இறங்காமல் முத்து முத்தாக உருண்டு ஓடியது. முடியைக் கோதிக் கோதித்தான் நனைக்க வேண்டியிருந்தது. பூனைக்கான ஷாம்பூவைப் போட்டதும் பிசுக்கு கரைந்து நுரை பழுப்பானது. முகத்தில் மட்டும் தண்ணீர் படாமல் ஈரத் துணியால் துடைத்தார். ஆவி எழுந்து சுவர்களை மறைத்தது. அவள் விரல்களுக்கு அடியில், நுரைக்கும் முடிக்கும் கீழே, சின்ன நெஞ்சு அடித்துக்கொண்டது; அடித்து அடித்து மெல்ல நிதானத்துக்கு வந்தது. அவளுக்குக் கண் சொக்கியது. நட்டநடு வெயிலில் சமவெளியைக் கடக்கும்போது இப்படித்தான் இருக்கும்: தண்டவாளம் தூரத்தில் தண்ணீராக உருகி, ரயில் ஓடுகிறதா நிலம் ஓடுகிறதா என்று தெரியாமல்.

"நாளைக்கு வந்தா குழந்தையை யாரு குளிப்பாட்டறதுன்னு உங்க பொண்ணு கேட்டா," என்றார் மாப்பிள்ளை. "அம்மா இருக்காங்களேன்னு சொல்லிட்டேன்."

மயக்கம் சட்டென்று தெளிந்தது.

"எனக்குத் தெரியாதே மாப்பிள்ளை."

"என்ன தெரியாது?"

"குழந்தை குளிப்பாட்ட. அவளை எல்லாம் உங்க மாமாதான் பாத்துக்கிட்டார். நான் வண்டியை விட்டு இறங்கி வீட்டுக்கு வரும்போது, குளிச்சு பவுடர் போட்டுத் தூங்கிட்டிருப்பா. பக்கத்துல உக்காந்து வாசம் பிடிப்பேன். அவ்வளவுதான்."

மாப்பிள்ளை குவளையோடு அப்படியே உட்கார்ந்துவிட்டார். "நீங்க சொல்லித் தருவீங்கன்னுதான் நான் தைரியமா இருந்தேன். குழந்தையைத் தூக்கவே எனக்குப் பயமா இருக்கு அத்தை."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவளுக்குத்தான் முதலில் சிரிப்பு வந்தது. மாப்பிள்ளையும் சிரிக்க, குவளை கைநழுவித் தொட்டிக்குள் விழுந்தது. அந்தச் சத்தத்தில் துரை மிரண்டு ஒரே தாவாகத் தாவி அவள் மார்பில் ஏறிக்கொண்டது. நுரையும் நீருமாக அவள் தொப்பலாக நனைந்தாள். ஆனால் ஒரு கை தானாகவே அடியில் போய்த் தாங்கியது, மறு கை கழுத்தை அணைத்தது. கீழே விழவில்லை.

"அட," என்றாள், தன் கைகளைப் பார்த்து.

மீண்டும் தொட்டியில் இறக்கி நுரை போக அலசினார்கள். துண்டில் சுருட்டி மடியில் வைத்து ஒற்றி ஒற்றித் துடைத்தாள். மாப்பிள்ளை ஆஸ்பத்திரிக்குக் கிளம்பியபோது, "போயிட்டு வரேம்மா," என்றார். அத்தை போய் அம்மா ஆனது அவருக்கே தெரிந்ததோ இல்லையோ. பூனை தூங்கிப்போனது. அது தூங்கும்வரை கால் மரத்தும் அவள் அசையவில்லை. வெயில் தரையில் மெதுவாக நகர்ந்து போனது.

குழந்தை வந்தது. நர்ஸ் சொல்லி அனுப்பியிருந்தபடி இரண்டு நாள் கழித்து மூவரும் சின்னத் தொட்டியைச் சுற்றி நின்றார்கள். முழங்கையால் நீரின் சூடு பார்த்து, அத்தை இரண்டு கையையும் நீட்டினாள். பேத்திக்குத் துரையின் பாதி எடைகூட இல்லை. வெதுவெதுப்பான நீர் பட்டதும் முகம் சுளித்து, என்ன நினைத்ததோ, விரல்களை விரித்து நீரில் மிதக்க விட்டது.

"எப்பம்மா இதெல்லாம் கத்துக்கிட்ட?" என்றாள் மகள், நம்ப முடியாமல்.

மாப்பிள்ளை முகத்தைத் திருப்பிக்கொண்டு ஜன்னல் பக்கம் போனார். அவர் தோள் சிரிப்பில் குலுங்குவது தெரிந்தது.

குழந்தை கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தது. அத்தை அதைப் பார்ப்பதில் இருந்தாள்.