ஒன்பது மணி நேரம் பின்னால் இருக்கும் வீடு

தர்ப் கலெஃப் சந்தைக்குப் பின்னால் இருக்கும் சி லர்பியின் வீட்டில், காசாபிளாங்காவின் மற்ற வீடுகளைவிட ஒரு மணி நேரம் கழித்துத்தான் பொழுது விடிந்துகொண்டிருந்தது. அரசாங்கம் நாட்டின் கடிகாரங்களை ஒரு மணி முன்னுக்குத் தள்ளி, அதுவே நிரந்தரம் என்று அறிவித்த வருடத்தில் தொடங்கியது இது. காரணம் தெருவுக்கே தெரியும். அந்த வீட்டு மடிக்கணினியில் ஓடியது தொண்ணூற்றெட்டு என்ற பழைய இயங்குதளம். தொண்ணூற்றெட்டிடம் புது நேரத்தைப் பற்றி யாரும் சொல்லவில்லை. அது பழைய நேரத்தையே காட்டியது, வீட்டுக்குள் விழும் வெயில் அதைப் பார்த்து நடந்தது. அஸர் என்னும் பிற்பகல் தொழுகையைத் தவறவிட்டவர்கள் ஓடிவந்து அந்தக் கூடத்தில் தொழுதார்கள். வெள்ளிக்கிழமை குஸ்குஸ் ஆறிப்போனால் அங்கே கொண்டுபோய் வைத்தோம், மறுபடி ஆவி பறந்தது. ரமலானில் நாடே பழைய நேரத்துக்குத் திரும்பும் அல்லவா, அந்த ஒரு மாதம் மட்டும் அவர்களும் நாங்களும் ஒன்றாக நோன்பு திறந்தோம்.

செங்கல்போல் கனத்த அந்தக் கணினியை சி லர்பி துறைமுகச் சுங்க வேலையிலிருந்து ஓய்வுபெற்றபோது வாங்கிவந்தார். அதை ஆண்டவள் அவர் மனைவி லல்லா தூரியா. சந்தையில் பழைய கணினிகளுக்கு உயிர் கொடுக்கும் முஃபத்தல் முதலில் அதில் எக்ஸ்பியை ஏற்றிப் பார்த்தான். கணினிக்கு மூச்சு வாங்கியது. அதன் விசிறிக் காற்றில் மாடியில் காய்ந்த கம்பளி எழும்பி கடல்வரை போய், மறுநாள் ஒரு மத்திமீன் படகுக்காரர் மடித்துக் கொண்டுவந்து கொடுத்தார்.

"இதுக்கு வயசாயிடுச்சு லல்லா, புதுசு தாங்காது."

"எனக்கும்தான் வயசாயிடுச்சு. என் தலையில ஏதாவது ஏத்தினியா? சீட்டாட்டம் எதுல இருக்கோ அதைப் போடு தம்பி."

"இவ இத்தனை வருஷம் என்னோட ஆடித் தோத்தா," என்றார் சி லர்பி. "இனிமே தனியா ஆடித் தோக்கணுமாம்."

"உங்க மூஞ்சியப் பாத்துக்கிட்டுத் தோக்கறதுக்கு அது தேவலை."

அப்படித்தான் தொண்ணூற்றெட்டு அந்த வீட்டுக்கு வந்தது. சுவரோர மெத்தையில் சாய்ந்தபடி தினமும் ஆடினாள். ஒருமுறைகூட ஜெயித்ததில்லை.

கடந்த குளிர்காலத்தில் அவள் இதயம் தளர்ந்தது. வந்து பார்த்த டாக்டர் மஃரிபை, அந்தித் தொழுகை நேரத்தை, தாண்டாது என்று சொன்னார்; எந்த மஃரிப் என்று சி லர்பி கேட்டதும் தன் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டுப் போய்விட்டார். ஒரே மகன் அன்வார், பிரான்சுக்குத் தக்காளி லாரி ஓட்டுகிறவன், கடலுக்கு அப்பால் அல்ஹெசிராஸ் துறைமுகத்தில் கப்பலுக்காகக் காத்துக்கிடந்தான். காற்று அடங்கி, அவனை ஏற்றிய கப்பல் அப்போதுதான் கிளம்பியிருந்தது. எப்படிப் பறந்து வந்தாலும் பொழுது சாய்ந்து வெகுநேரம் ஆகும். வீட்டில் இருந்த ஒரு மணி நேரம் எந்த மூலைக்கு? சி லர்பி முஃபத்தலைக் கூப்பிட்டார்.

முஃபத்தல் தன் வட்டுகளைப் பரப்பி வைத்துக்கொண்டு யோசித்தான். "ஒண்ணு இருக்கு. அமெரிக்காவுலேருந்து வந்த தொண்ணூத்தஞ்சு. அதுக்கு நம்ம ஊரே தெரியாது, அது பாட்டுக்கு அமெரிக்காவோட மேற்குக் கரை நேரத்துலதான் நிக்கும். ஒம்போது மணி நேரம் பின்னாடி."

"அப்ப போடேன்!"

"அதுக்கு அரபி தெரியாது, சி லர்பி. என்ன எழுதினாலும் வெறும் கட்டமா வரும்."

நேரத்தில் கணினியைப் பின்பற்றும் வீடு பேச்சிலும் பின்பற்றும் என்பதை யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

"பிரெஞ்சுல பேசிக்கலாமே," என்றார் சி லர்பி.

"எம் புள்ளகிட்ட பிரெஞ்சுலயா? நான் என்ன வரி ஆபீசுலயா நிக்கறேன்?" லல்லா தூரியா கண்ணைத் திறந்தாள். "அவன் பேச்சு போன்ல வருது. முகமும் வருது. கைதான் வரமாட்டேங்குது. போடு தம்பி." பிறகு கணவர் பக்கம் திரும்பினாள். "ஏதாவது சொல்லணும்னா இப்பவே சொல்லிடுங்க."

சி லர்பி மெத்தையோரம் வந்து உட்கார்ந்தார். "நீ வைக்கிற ஹரீரா சூப்புல உப்பு எப்பவும் சரியாத்தான் இருந்துச்சு."

"இதைச் சொல்ல இவ்வளவு வருஷமா?" என்றாள். அந்த வீட்டில் பேசப்பட்ட கடைசி வார்த்தைகள் அவை.

நகரத்தில் வெயில் மஞ்சளடித்துக்கொண்டிருந்தபோது முஃபத்தல் கடைசி வட்டைச் செருகினான். கூடத்துக்குள் காலை வந்தது. அவன் சொன்ன பிஸ்மில்லா சின்னஞ்சிறு வெற்றுக் கட்டங்களாக மடியில் உதிர்ந்தது. பதறிப்போய் அவற்றைப் பொறுக்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான். வெளியே மஃரிப் பாங்கு ஒலித்து முடிந்தது, உள்ளே லல்லா தூரியா அப்பத்தைத் தேனில் தொட்டுத் தின்றாள். உள்ளே உச்சிப்பொழுதானபோது அன்வார் தக்காளி வாசனையோடு வந்து விழுந்தான். வாய் திறந்து அழுதான்; தரையெங்கும் கட்டங்கள், கணுக்கால் உயரத்துக்கு. அவள் சிரித்து, அவன் கையை இழுத்துத் தன் கைமேல் வைத்து, இரண்டு கைகளையும் கணினிமேல் வைத்தாள். சாயங்காலம்வரை இருவரும் சீட்டாடினார்கள். அந்த வீட்டின் சூரியன் இறங்கும் நேரத்தில் அவள் முதன்முறையாக ஜெயித்தாள். சீட்டுகள் துள்ளித் துள்ளி விழுந்தன. திரையைத் தாண்டி, கம்பளத்தைத் தாண்டி, படியிறங்கி, டிராம் பாதைவரை போயின. வெளியே, நகரத்தின் காலையில், முதல் டிராம்காரர் வண்டியை நிறுத்தி அவை கடந்து போகக் காத்திருந்தார். கடைசிச் சீட்டு விழுந்தபோது அன்வாரின் கைக்குள் இருந்த கை கனத்துவிட்டது.

ஓதுகிறவர்கள் தெருவில் நின்று ஓதினார்கள். வாசல் தாண்டிக் கட்டங்களாக வந்த ஓதலை சி லர்பி பெருக்கித் தள்ளவில்லை, சுவரோரமாக அடுக்கி வைத்தார். நாற்பதாம் நாள் கழித்து முஃபத்தல் தொண்ணூற்றெட்டை எடுத்துவந்து வாசலில் காட்டினான். அவர் வேண்டாமென்று தலையை அசைத்துவிட்டு அவனுக்குத் தேநீர் ஊற்றினார். எந்தப் பதிப்பைப் போட்டாலும் பேச்சு திரும்பிவிடும், பிறகு அந்த வீட்டில் கடைசியாகப் பேசியவள் அவளாக இருக்க மாட்டாள் அல்லவா. அதனால் வீடு அப்படியே இருக்கிறது. மின்கணக்கு எடுக்க வருகிறவர் சாயங்காலம் வந்து, நெஞ்சில் கைவைத்துக் காலை வணக்கம் காட்டி, உட்கார்ந்து நாஷ்டா சாப்பிட்டுவிட்டு, இருட்டிய தெருவில் இறங்கி அடுத்த வீட்டுக்குப் போகிறார்.