சீமாட்டியின் பிறந்த வீடு

வாய்க்கால் வெட்டப் போன இடத்தில்தான் அவள் கிடைத்தாள். மலைமேல் சாக்கபாத்தா, அடிவாரத்தில் ராயன்பம்பா. இரண்டு ஊருக்கும் அந்த ஒரே வாய்க்கால்தான். கடப்பாரை பட்டு ஒரு கல் உருண்டது. உள்ளே பாறை இடுக்கில், முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்த நிலையில் ஒரு பெண். மேலே மெல்லிய நெசவுத் துணி, மார்பில் இரண்டு வெள்ளி ஊசிகள், பின்னல்கூடக் கலையவில்லை. ஸ்பானியர்கள் வருவதற்கு முன்பு, இன்காக்கள் ஆண்ட காலத்தவள். ஆட்கள் தொப்பியைக் கழற்றினார்கள், கோக்கா இலை வைத்துக் கும்பிட்டார்கள், அது முடிந்த கையோடு சண்டையை ஆரம்பித்தார்கள்.

"எங்க ஊர்ப் பொம்பளை. உருளைக்கிழங்கு தின்னு வளர்ந்த எலும்பு, எப்படி உறுதியா நிக்குது பாரு!" என்றார் சாக்கபாத்தாவின் தலைவர் காசிமிரோ.

ராயன்பம்பாவின் தலைவி எபிஃபானியா தன் உயரமான வெள்ளைத் தொப்பியைச் சரிசெய்துகொண்டாள். "யோவ் காசிமிரோ, உங்க ஊர்க் குளிருல இந்த மெல்லிசுத் துணியைக் கட்டினா ஒரு வாரம் தாங்குமா? இவ சோளக்காட்டுச் சீமாட்டி. எங்கவ."

அன்றிலிருந்து அவளுக்குச் சீமாட்டி என்றே பெயர் நிலைத்துவிட்டது. அவளுக்காக ஒரு நினைவுக்கூடம் கட்டுவதென்று எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். எந்த ஊரில் கட்டுவது என்பதில்தான் அந்த வருடத்து மழைக்காலம் முழுவதும் கழிந்தது. கடைசியில் யாரோ குஸ்கோவில் பழைய எலும்புகளை ஆராயும் எங்கள் ஆய்வகம் இருப்பதைச் சொல்லியிருக்கிறார்கள். நானும், இயந்திரங்களைப் பார்த்துக்கொள்ளும் எஃப்ராயினும் ஜீப்பில் போய் இறங்கினோம்.

பள்ளிக்கூட முற்றத்தில் இரண்டு ஊரும் எதிரெதிரே உட்கார்ந்திருந்தன. நடுவில் நான்.

"பல்லு சின்ன வயசுலயே உருவாகிடும். அப்ப குடிச்ச தண்ணி, தின்ன தானியம் எல்லாம் எந்த மண்ணுல இருந்து வந்துச்சோ, அந்த மண்ணோட அடையாளம் பல்லுல அப்படியே தங்கிடும். சாகுற வரைக்கும் மாறாது. எலும்பு அப்படியில்ல, கொஞ்சங்கொஞ்சமாப் புதுசாகிட்டே இருக்கும். அதனால எலும்பைப் பாத்தா கடைசி வருஷங்கள்ல என்ன சாப்பிட்டாங்கன்னு தெரியும். கிழங்கா, சோளமா, கறியா, மீனா, எல்லாமே."

"அப்ப ஒருத்தன் எந்த ஊர்க்காரன்னு பொய் சொன்னாக்கூட..." என்று இழுத்தார் காசிமிரோ.

"பல்லு காட்டிக்குடுத்துடும்."

"அதுக்குத்தான் நான் அப்பவே எல்லாத்தையும் புடுங்கிப் போட்டுட்டேன்," என்று காசிமிரோ பொக்கை வாயைத் திறந்து காட்டினார். இரண்டு ஊரும் சேர்ந்து சிரித்ததை நான் அப்போதுதான் முதன்முதலாகக் கேட்டேன்.

சீமாட்டியின் பல்லை ஒப்பிட்டுப் பார்க்க, இரண்டு ஊர் மண்ணின் அடையாளமும் எங்களுக்கு வேண்டும். அதற்கு ஊரைவிட்டு எங்கும் போகாத, ஊர்ப் புல்லை மட்டும் தின்கிற ஒரு பிராணி தேவை. வீட்டுக்கு வீடு அடுப்படியில் ஓடுகிற கினிப்பன்றியைவிட அதற்குத் தோதானது வேறில்லை. எனக்கு எலும்பு மட்டும் போதும். ஆனால் கறியைச் சாப்பிடாமல் எலும்பை மட்டும் கேட்டு வாங்குவது எங்கள் பக்கத்தில் நடக்கிற காரியமா? முதல் வீட்டில் வறுவல், அடுத்த வீட்டில் அடுப்பில் சுட்டது, அதற்கடுத்த வீட்டில் வேர்க்கடலைக் குழம்பு. நாங்கள் எந்த ஊரில் அதிகம் சாப்பிடுகிறோமோ அந்த ஊருக்கே சீமாட்டி என்று யாரோ கிளப்பிவிட்டுவிட்டார்கள். சாக்கபாத்தாவில் எஃப்ராயின் இரண்டாவது முறை வாங்கிச் சாப்பிட்ட செய்தி எங்களுக்கு முன்னால் மலையிறங்கி ராயன்பம்பாவுக்குப் போய்விட்டது.

எபிஃபானியா வாசலிலேயே காத்திருந்தாள். "மேல ரெண்டு தடவை தின்னீங்களாமே? இங்க மூணு தடவை. என் கினிப்பன்றியைப் பாருங்க, எவ்வளவு கொழுப்பு! பச்சைப் புல்லைத் தவிர வேறொண்ணையும் மோந்துகூடப் பாக்காது. இந்தப் பள்ளத்தாக்குலயே இதுக்கு ஈடு கிடையாது."

"தாயே, என் பெல்ட்டுல இனிமே ஓட்டை இல்ல," என்று எஃப்ராயின் கெஞ்சினான்.

"பெல்ட்டைக் கழட்டு. வெட்கப்பட இங்க யாரு இருக்கா?"

குஸ்கோவுக்குத் திரும்பி, எலும்பையும் பல்லையும் பொடித்து, கரைத்து, வடிகட்டி, இயந்திரத்தில் ஏற்றினோம். முடிவுகள் ஒவ்வொன்றாக வர வர எஃப்ராயின் பாதி நின்றுகொண்டும் பாதி குதித்துக்கொண்டும் இருந்தான். சீமாட்டியின் பல் சாக்கபாத்தா மண்ணோடும் ஒட்டவில்லை, ராயன்பம்பா மண்ணோடும் ஒட்டவில்லை. தெற்குக் கடற்கரையோடு ஒட்டியது. பல்லின் உட்பகுதியோ மீன், மீன், மீன் என்று கூவியது. பால் மறந்த நாளிலிருந்து அவள் கடலைத் தின்று வளர்ந்தவள்!

"லுஸ்மிலா! இந்தப் பொம்பளை மீன்காரி!" என்று கத்தியபடி எஃப்ராயின் என் கையைப் பிடித்துச் சுற்ற ஆரம்பித்தான். ஆய்வக மேலங்கியோடு நாங்கள் ஆடிய ஆட்டத்தில் ஒரு நாற்காலி சாய்ந்தது. பக்கத்து அறையிலிருந்து சுவரைத் தட்டினார்கள். நாங்கள் நிறுத்தவில்லை.

நிறுத்தியது எபிஃபானியாவின் கினிப்பன்றிதான். அதன் எண்கள் திரையில் வந்ததும் எஃப்ராயினின் முகம் தொங்கிவிட்டது.

"இதுவும் மீன் தின்னிருக்கு."

"கினிப்பன்றியா?"

"இது கினிப்பன்றி இல்ல, கடல்சிங்கம். மண்ணோட எண்ணும் பிசகி நிக்குது, பாரு."

மலையில் பிறந்து மலைப்புல் தின்ற ஒரு பிராணி மீன் தின்றதுபோலக் காட்டினால், சீமாட்டி கடற்கரைக்காரி என்று நான் எந்த முகத்தோடு சொல்வது? மீண்டும் பொடித்துப் பார்த்தோம். அதே பதில். மறுநாளே ஜீப்பை எடுத்துக்கொண்டு ராயன்பம்பாவுக்குப் போனேன்.

எபிஃபானியா என்னைப் பார்த்ததும் மலர்ந்தாள். நான் விஷயத்தைச் சொன்னதும் முதலில் கோபப்பட்டாள், பிறகு தொப்பியைக் கழற்றினாள், பிறகு கதவைச் சாத்தினாள். பின்கட்டுக்கு அழைத்துப்போய்ப் போர்வையை விலக்கிக் காட்டினாள். அடியில் கடைத் தீவன மூட்டைகள். சீக்கிரம் கொழுக்க வைக்கும் தீவனம். அதில் மீன்தூள் இருக்கும் என்று மூட்டையிலேயே அச்சிட்டிருந்தது.

"புல்லுந்தான் குடுக்கிறேன், டாக்டரம்மா. இது சும்மா, மேல கொஞ்சம் தூவி விடுறது."

"கொஞ்சமா?"

"சரி, கொஞ்சம் ஜாஸ்தி. வருஷா வருஷம் திருவிழாவுல என் கினிப்பன்றிக்குத்தான் பரிசு. இது காசிமிரோ காதுல விழுந்துச்சுன்னா நான் இந்த மலையை விட்டே ஓடணும். சொல்லமாட்டீங்கல்ல?"

சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன். திரும்பும் வழியெல்லாம் ஜீப்பில் தனியாகப் பாடிக்கொண்டு வந்தேன். இயந்திரம் சரியாகத்தான் சொல்லியிருக்கிறது, சீமாட்டியும் தப்பிவிட்டாள்!

முடிவைச் சொல்லும் நாளில் அதே பள்ளிக்கூட முற்றம். ஒரு பக்கம் சாக்கபாத்தா, மறுபக்கம் ராயன்பம்பா. பானைகளில் சோளத்தைப் புளிக்கவைத்த கள் தயாராக இருந்தது. ஜெயிக்கிற ஊர் குடிப்பதற்கு. இரண்டு ஊரிலுமே அவள் பிறந்தவள் இல்லை என்பதை எப்படிச் சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன்.

"சீமாட்டி இங்க பிறக்கல. கடற்கரையில பிறந்து, மீன் தின்னு வளர்ந்தவங்க."

பானைப் பக்கம் நீண்ட கைகள் திரும்பிவிட்டன.

காசிமிரோ எழுந்தார். "டாக்டரம்மா, கோவிச்சுக்காதீங்க. எல்லா வீட்டுக் கினிப்பன்றியையும் சோதிச்சீங்களே, அதுல ஒண்ணுலகூட மீன் தெரியலையா? நம்ம மண்ணே மீன் மாதிரி காட்டுறதா இருந்தா? உங்க இயந்திரம் ஏமாந்திருந்தா?"

ஒன்றில் மட்டும் தெரிந்தது என்றால் எந்த வீடு என்று கேட்பார். எதிலும் தெரியவில்லை என்றால் நான் பொய் சொன்னவளாவேன். எஃப்ராயின் ஏதோ அவசர வேலைபோல ஷூ கயிற்றைக் கட்டக் குனிந்துவிட்டான். முற்றம் முழுவதும் என் வாயையே பார்த்தது.

"என் வீட்டுதுல தெரிஞ்சுச்சு!"

எபிஃபானியா எழுந்து நின்றிருந்தாள். முகம் மிளகாய்போலச் சிவந்திருந்தது. "என் வீட்டுதுலதான் மீன் தெரிஞ்சுச்சு. ஏன்னா அது நிஜமாவே மீன் தின்னுச்சு! மூட்டைத் தீவனம் போட்டேன். போதுமா? ஒளிச்சு வெச்சுப் போட்டதைக்கூட அந்த இயந்திரம் கண்டுபிடிச்சிருச்சு. அது பொய் சொல்லாது. சிரிக்கிறவங்க சிரிங்க."

சிரித்தார்கள். முற்றமே உருண்டது. காசிமிரோ பெஞ்சிலிருந்து நழுவித் தரையில் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டார். "பரிசுக் கினிப்பன்றி! பரிசு!" என்பதற்குமேல் அவருக்குப் பேச்சு வரவில்லை. எபிஃபானியா சற்று நேரம் இடுப்பில் கைவைத்து முறைத்துப் பார்த்தாள். பிறகு அவளுக்கும் அடக்க முடியவில்லை. தொப்பி ஆடி ஆடிச் சரிந்தது.

சிரிப்பு தணிந்ததும் அவளே கேட்டாள். "கடல்ல பிறந்தவ எதுக்கு இங்க வந்து செத்தா?"

"அது எனக்குத் தெரியாது. இன்கா ராஜாக்கள் ஆளுங்களை ஊர் மாத்திக் குடிவெச்சாங்க. அப்படி வந்திருக்கலாம். கல்யாணம் ஆகியும் வந்திருக்கலாம்."

"கல்யாணம்!" எபிஃபானியா கையைத் தட்டினாள். "அப்ப அவ மருமக! எங்க ஊர் மருமக!"

"யார் ஊர் மருமக?" காசிமிரோ துள்ளி எழுந்தார். "கடல்ல இருந்து பொண்ணெடுக்கிற துணிச்சல் எங்க பசங்களுக்குத்தான் உண்டு!"

மிச்சத்தையும் சொல்லிவிடுவதே மேல் என்று தோன்றியது. "கேளுங்க, கேளுங்க! தொடை எலும்பு மெதுவாத்தான் மாறும், விலா எலும்பு சீக்கிரம் மாறிடும். தொடையைப் பாத்தா, மீனுக்கு அப்புறம் ரொம்ப வருஷம் கிழங்குதான் அதிகம். விலாவைப் பாத்தா, கடைசி வருஷங்கள்ல சோளம். இந்த ஊர், அந்த ஊர்னு பேர் சொல்ல என்னால முடியாது. முதல்ல மேட்டு நிலம் மாதிரி சாப்பாடு, அப்புறம் பள்ளத்து நிலம் மாதிரி சாப்பாடு. அவ்வளவுதான் தெரியும்."

"மொதல்ல எங்ககிட்டதான் வாழ்ந்திருக்கா!" என்றார் காசிமிரோ.

"வாழ முடியாம எங்ககிட்ட இறங்கி வந்துட்டா!" என்றாள் எபிஃபானியா.

"சோளக்கள்ளுக்கு ஆசைப்பட்டு வந்திருப்பா."

"பின்னே? உங்க ஊர்ல உறைஞ்ச கிழங்கைத் தின்னு தின்னு நாக்கு செத்திருக்கும் பாவம்."

பானைகள் திறந்தன. இரண்டு ஊரும் மருமகளை எடுத்த ஊர்களாகிவிட்டதால் இரண்டு ஊரும் குடித்தன. நினைவுக்கூடம் வாய்க்கால் கரையிலேயே, அவள் உட்கார்ந்திருந்த இடத்தில், இரண்டு ஊருக்கும் நடுவில் என்று எந்தச் சண்டையும் இல்லாமல் முடிவானது. ஏதோ ஒரு கோப்பைக்குப் பிறகு எபிஃபானியா என் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"டாக்டரம்மா, பொண்ணெடுத்தோமே, இன்னி வரைக்கும் பொண்ணு வீட்டுக்கு ஒரு தடவையாவது போனோமா? ஐநூறு வருஷமாச்சு! அவங்க நம்மளைப் பத்தி என்ன நினைப்பாங்க?"

கள் பேசுகிறது என்று நினைத்தேன். கள் இல்லை. அறுவடை முடிந்ததும் ஒரு பேருந்து நிறைய ஆட்கள் கிளம்பினார்கள். வழி சொல்ல என்னையும் எஃப்ராயினையும் ஏற்றிக்கொண்டார்கள். எந்தக் கடற்கரை என்று துல்லியமாகச் சொல்ல முடியாது, தெற்குப் பக்கம் என்றுதான் சொல்ல முடியும் என்று நான் எவ்வளவோ சொன்னேன். "போற வழியில விசாரிச்சுக்கலாம்," என்றார் காசிமிரோ. கூரையில் கிழங்கு மூட்டைகள், உள்ளே புல்லாங்குழல்கள், முரசு, வளைவுக்கு வளைவு வாந்தி, வாந்திக்கு வாந்தி பாட்டு.

புந்தா கார்சா என்ற சின்ன மீனவக் குப்பத்தில் பேருந்தின் டயர் வெடித்தது. இதுதான் இடம் என்று எல்லோரும் இறங்கிவிட்டார்கள். வலை பின்னிக்கொண்டிருந்தவர்கள் வெள்ளைத் தொப்பிகளையும் முரசையும் வாய்பிளந்து பார்த்தார்கள். அவர்களுடைய தலைவர் எலியோதோரோ, வெயிலில் கருத்த பெரிய மனிதர், முன்னால் வந்தார்.

"யாரைப் பாக்க வந்திருக்கீங்க?"

காசிமிரோ தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்தார். "சம்பந்தி வீட்டைப் பாக்க வந்திருக்கோம். உங்க ஊர்ப் பொண்ணு ஒருத்தி எங்க ஊருக்கு வாழ வந்துச்சு. இன்காக்கள் காலத்துல. நல்லா இருந்துச்சு, வெள்ளி ஊசி போட்டு மரியாதையா அடக்கம் பண்ணியிருக்காங்க. சேதி சொல்லக் கொஞ்சம் தாமதமாயிருச்சு."

நான் முன்னால் போய்ப் பல்லையும் எலும்பையும் பற்றி விளக்கினேன். உங்கள் ஊர்தான் என்று உறுதியாகச் சொல்ல முடியாது என்றும் சொன்னேன். எலியோதோரோ தாடையைத் தடவிக்கொண்டே கேட்டார். பிறகு அவர் கண் கலங்கியதா, கடற்காற்றா, தெரியவில்லை.

"எங்க பொண்ணுதான். அதுல என்ன சந்தேகம்? போன புள்ளை ஒரு கடுதாசிகூடப் போடலையேன்னு வீட்டுல ஒரே கவலை." தன் ஆட்கள் பக்கம் திரும்பிக் கத்தினார். "டேய், சம்பந்திமார் வந்திருக்காங்க! பெரிய மீனா எடுங்கடா! எலுமிச்சம்பழம் எங்கடா?"

அதன்பிறகு நடந்ததை வரிசையாகச் சொல்ல எனக்குத் தெரியாது. கிழங்கு ஒரு பக்கம் வெந்தது, மீன் ஒரு பக்கம் எலுமிச்சைச் சாற்றில் ஊறியது. எங்கள் முரசுக்கு அவர்கள் டின்னைத் தட்டினார்கள். நினைவுக்கூடத் திறப்புவிழாவுக்குப் படகையே தூக்கிக்கொண்டு வருவதாக எலியோதோரோ சத்தியம் செய்தார்.

எபிஃபானியா மட்டும் எதையும் தொடாமல் தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் கடலைப் பார்ப்பது அதுதான் முதல் தடவை.

"இது எங்க முடியுது?" என்று கேட்டாள்.

"முடியாதும்மா," என்றார் எலியோதோரோ.

"சும்மா சொல்லாதீங்க. எல்லாத்துக்கும் ஒரு கரை இருக்கும்," என்றவள் செருப்பை உதறினாள். தொப்பியை என் கையில் திணித்தாள். பாவாடைகள் அத்தனையும் காற்றில் உப்ப, கத்திக்கொண்டே ஓடினாள். அலை வந்து அவளை இடுப்புவரை அடித்தது. அவள் விழவில்லை. வாயில் புகுந்த தண்ணீரைத் துப்பிவிட்டு எங்களைப் பார்த்துத் திரும்பினாள்.

"உப்பு!" என்று கூவினாள். "மொத்தமும் உப்பு! யோவ் காசிமிரோ, பயந்துக்கிட்டு நிக்காம வாய்யா!"

காசிமிரோ போனார். அவர் பின்னால் சாக்கபாத்தா போனது, ராயன்பம்பா போனது. ஷூவோடு எஃப்ராயினும் போனான். நான் எபிஃபானியாவின் தொப்பியை என் தலையில் இறுக்கிக்கொண்டு அவர்கள் பின்னால் ஓடினேன்.