வழி சொல்லாத விடை

எங்கள் வகுப்பறையின் பின்சுவரை ஒட்டி மூன்று தையல் மிஷின்கள் துணி போர்த்தி நின்றன. நாங்களும் மூன்று பேர்தான். பிளஸ் டூ என்று புதிதாக ஒன்று வந்து, அதன் பரீட்சையை முதன்முதலாக எழுதப்போகும் செட்டு, எண்பதாம் வருஷம். பெண்பிள்ளைகளுக்குக் கணக்குப் பிரிவு எதற்கு என்று பள்ளி நிர்வாகத்தில் பாதிப் பேர் கேட்டிருக்கிறார்கள். இருந்துவிட்டுப் போகட்டுமே என்று மீதிப் பாதிப் பேர். கடைசியில் இரண்டு தரப்புக்கும் நடுவே ஒரு பேரம் படிந்தது. அரசுப் பரீட்சையில் மூன்று பேரும் கணக்கில் தேறினால் பிரிவு நிலைக்கும். ஒருத்தி தவறினாலும் பிரிவை மூடிவிட்டு அறையைத் தையல் வகுப்புக்குக் கொடுத்துவிடுவது. அந்தத் தையல் மிஷின்களைத்தான் முன்கூட்டியே கொண்டுவந்து இறக்கியிருந்தார்கள். விலை படியும் முன்பே சாக்கை விரித்துக்கொண்டு நிற்கிற வியாபாரி மாதிரி அவை எங்கள் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தன.

மூவரில் கெட்டிக்காரி செங்கமலவல்லி. பூர்வீகம் தென்திருப்பேரை, அப்பாவுக்குத் துறைமுக ஆபீசில் வேலை. பெருமாள் கோயில் கோஷ்டியில் பாசுரம் கேட்டு வளர்ந்தவள் என்பதால் கணக்கையும் அப்படியே ஒப்பிப்பாள். எடுத்துக்காட்டு பதினேழு என்று சொன்னால் போதும், கமாவும் முற்றுப்புள்ளியும் முதற்கொண்டு வந்து விழும். அதில் ஒரே ஒரு தொல்லை. கேள்வியில் எண்ணை மாற்றினாலும் அவளுடைய விடை மாறாது.

அடுத்தவள் இஞ்ஞாசியம்மாள், கடற்கரைத் தெருக்காரி. அவள் அம்மா கரையில் ஏலம் எடுத்து மீன் விற்பவர். செவுளைத் தூக்கிப் பார்க்காமல் அவர்கள் வீட்டில் யாரும் எதையும் நம்புவதில்லை. இஞ்ஞாசி கணக்கைச் சாவகாசமாகப் போடுவாள். ஒவ்வொரு வரியின் செவுளையும் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த வரிக்கு வருவாள்.

மூன்றாவது நான், செல்லக்கனி. அய்யா காசிலிங்கம் மிளகாய் வத்தல் கமிஷன் மண்டி வைத்திருந்தார். எட்டயபுரம் ரோட்டில் வருகிற மிளகாய் வண்டியில் பாதி எங்கள் வாசலில்தான் அவிழும். எங்கள் வீட்டில் விலை சொல்வோம். அது எப்படி வந்த விலை என்று சொல்லமாட்டோம். வண்டிக்கூலி, சாக்கு, கழிவு என்று வாய்விட்டால் எதிரில் நிற்பவர் ஒவ்வொன்றிலும் ஒரு கிள்ளு கிள்ளிவிட்டுத்தான் அடுத்ததற்கு வருவார். பார்க்கப்போனால் விலையைக்கூட வாயால் சொல்வது கிடையாது. அய்யா தோளிலிருந்து துண்டை எடுத்துக் கையின்மேல் போடுவார். வாங்க வந்தவர் அதற்கு அடியில் கையை நீட்டுவார். ஒருவர் விரலை ஒருவர் பிடித்தே வியாபாரம் முடிந்துவிடும். பக்கத்தில் நிற்பவருக்கு இரண்டு முகங்கள் தெரியும். அந்த முகங்களில் ஒன்றும் தெரியாது.

இப்படிப்பட்ட வீட்டுப் பெண்ணிடம் கணக்குப் பரீட்சைத் தாளைக் கொடுத்தால் என்ன செய்வாள்? எல்லாவற்றையும் மனதுக்குள் போட்டு, விடையை மட்டும் எழுதிவிட்டு, சுற்றுமுற்றும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

அரையாண்டுத் தேர்வில் எனக்கு இருநூற்றுக்கு நாற்பத்தாறு. தேற எழுபது வேண்டும். விடைகளில் முக்கால்வாசி சரி என்பதுதான் வேடிக்கை. ஜெயலக்ஷ்மி டீச்சர் கூப்பிட்டு, யாரைப் பார்த்து எழுதினாய் என்று கேட்டார். எனக்குக் காது இரண்டும் சூடாகிவிட்டது. பார்த்து எழுதியிருந்தால் வழியும் சேர்ந்துதானே வந்திருக்கும் டீச்சர், விடையை மட்டும் எவளாவது திருடுவாளா என்று கேட்டேன். டீச்சர் சாக்பீஸை எடுத்தார். பிறகு கரும்பலகையில் ஒரு கணக்கை எழுதினார். அவர் கேள்விக்குறி போடும் முன்பு நான் விடையைச் சொன்னேன். இன்னொன்று எழுதினார். அதற்கும் சொன்னேன். சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டார்.

"நான் நம்பறேன், செல்லக்கனி. உன் பேப்பரைத் திருத்தப்போறவர் எந்த ஊர்க்காரரோ. அவருக்கு நீ ஒரு நம்பர், முகம் கிடையாது. வழியில்லாத விடைக்கு ஒரு மார்க் போடுவார். அதுவும் நல்ல மனுஷரா இருந்தா."

பின்சுவர்ப் பக்கம் ஒரு பார்வை பார்த்தார், அவ்வளவுதான். வெளியே வந்ததும் மிச்சத்தை இஞ்ஞாசி சொன்னாள்.

"ஏளா, நீ ஒருத்தி வாயை மூடிக்கிட்டு எழுதுததுக்கு, பின்னால வார பிள்ளைக எல்லாம் பாவாடை தைக்கணுமா?"

அன்றைக்கே ஒப்பந்தம் போட்டோம். பள்ளிக்கூடம் விட்டதும் ஒரு மணி நேரம், சனிக்கிழமையானால் காலை முழுக்க, மூன்று பேரும் சேர்ந்து படிப்பது. இடம், எங்கள் மண்டிக்குப் பின்னால் வத்தல் மூட்டை அடுக்குகிற கிட்டங்கி. சிமெண்டுத் தரை, சாக்கில் குறி போடும் சாக்கட்டிக்குப் பஞ்சமில்லை. அய்யாவிடம் அனுமதி கேட்டபோது, யார் யார், எவ்வளவு நேரம் என்றெல்லாம் அவர் கேட்கவில்லை. தும்முவாங்களே, பரவாயில்லையா என்று மட்டும் கேட்டார்.

தும்மினார்கள். இஞ்ஞாசி மூன்றோடு நிறுத்தினாள். செங்கமலம் பதினொன்று. அந்தத் தும்மலால்தான் அவளுடைய நோயும் பிடிபட்டது. ஒரு கணக்கை ஒப்பித்துக்கொண்டே வருவாள், நடுவில் தும்மல் வரும், விட்ட இடத்திலிருந்து அவளால் தொடர முடியாது. மறுபடி முதல் வரிக்குப் போய்த்தான் இறங்கி வரவேண்டும். அந்த வரிகள் அவளுக்கு வரிசையில் தெரிந்தனவே தவிர, ஒவ்வொன்றாகத் தெரியவில்லை. அவளுக்கான வைத்தியத்தை நான் எடுத்துக்கொண்டேன். அவள் வாயைத் திறந்ததும் எண்ணை மாற்றுவேன். கம்பி எண்பது மீட்டர் என்று தொடங்குவாள். எண்பது இல்லை, நூறு என்பேன்.

"புஸ்தகத்துல எண்பதுன்னுதான்டி இருக்கு" என்பாள், அழுகிற குரலில்.

"கடைக்கு வாரவன் புஸ்தகத்தைப் பாத்தா கேப்பான்? நூறு. சொல்லு."

முதல் வாரம் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. இரண்டாம் வாரம் நூறுக்குச் சொன்னாள். மூன்றாம் வாரம், வேணும்னா நூத்திப்பதினேழுக்குச் சொல்லட்டுமா என்று அவளாகவே கேட்டாள்.

என் வைத்தியம் அவ்வளவு லேசில் முடியவில்லை. இஞ்ஞாசி மூட்டைமேல் ஏறி உட்கார்ந்துகொண்டு, பேப்பர் திருத்துகிறவராக மாறிவிடுவாள். நான் தரையில் எழுதவேண்டும். நான் எழுதுவதோ ஒரே ஒரு வரி, விடை. அவள் கேட்பாள், "இது எங்கன இருந்து வந்துச்சு?" வந்துச்சு, அவ்வளவுதான் என்பேன். அப்ப எனக்கு வேண்டாம் என்று காலால் அழித்துவிடுவாள். மறுபடி எழுதினால் மறுபடி அதே கேள்வி. செவுளைத் தூக்கிப் பார்த்து மீனைத் திருப்பிப் போடுகிற அதே முகம். பத்து நாள் இப்படியே போயிற்று. பிடிவாதம் என்று அவர்கள் நினைத்தார்கள். எனக்கோ நிஜமாகவே கூச்சம். வழியை எழுதுவது, தெருவில் போகிற ஒருவரைக் கூப்பிட்டு எங்கள் வீட்டுப் பெட்டியைத் திறந்து காட்டுவதுபோல இருந்தது. எழுதினால் எங்காவது கிள்ளிவிடுவார்கள் என்று உள்ளே ஏதோ ஒன்று சொல்லிக்கொண்டே இருந்தது.

ஒரு சனிக்கிழமை இதை அவர்களிடம் சொல்லிவிட்டேன். இஞ்ஞாசி சிரித்தாள். செங்கமலம் சிரிக்கவில்லை, மூக்கைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்:

"திருத்தறவர் குறைக்கறதுக்கு வரலைடி. வரிக்கு வரி மார்க்கைக் கையில வச்சுண்டு காத்துண்டிருக்கார். நீதான் கையை நீட்ட மாட்டேங்கற."

நான் சாக்கட்டியைக் கீழே வைத்துவிட்டு யோசித்தேன். ஒவ்வொரு வரிக்கும் தனித்தனியாகத் தருகிற ஆள். வழி சொல்லச் சொல்லக் கூட்டிக்கொண்டே போகிற கிராக்கி. அப்படி ஒருவர் இந்த உலகத்தில் இருக்கிறார் என்று எங்கள் தெருவில் யாருமே எனக்குச் சொன்னதில்லை. தெரிந்திருந்தால் இத்தனை நாள் சும்மா இருந்திருப்பேனா? அன்று ஒரே கணக்குக்குத் தரையில் பதினான்கு வரி எழுதினேன். இஞ்ஞாசி மூட்டையிலிருந்து இறங்கி வந்து, ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் பார்த்தாள். இரண்டு இடத்தில் எங்கன இருந்து வந்துச்சு என்றாள். இரண்டு இடத்திலும் சொன்னேன். காலைத் தூக்காமல் அவள் திரும்பிப் போய் உட்கார்ந்தபோது, எனக்கு ஒரு வண்டி வத்தலை விற்றுமுடித்த மாதிரி இருந்தது.

பரீட்சை வந்தது. கூடத்தில் எங்கள் மூவரையும் ஆளுக்கொரு மூலையில் போட்டிருந்தார்கள். எல்லாவற்றையும் வரிசையாக எழுதிக்கொண்டே வந்தேன். கடைசிக்கு முந்திய பெரிய கேள்வி: ஒரு நீண்ட மதிலை ஒரு பக்கமாக வைத்து, மற்ற மூன்று பக்கமும் கம்பி வேலி போட்டு ஒரு செவ்வக நிலத்தை வளைக்க வேண்டும். கம்பி நூற்றிருபது மீட்டர். அதிகப் பரப்பு கிடைக்க நீளம் என்ன, அகலம் என்ன?

இதற்கெல்லாம் யோசிப்பார்களா? வத்தல் காயப்போடுகிற களத்துக்கு அய்யா கயிறு பிடிப்பதை எத்தனை தடவை பார்த்திருக்கிறேன். சதுரமாகப் பிடித்தால்தான் இடம் அதிகம். மூன்று பக்கம், நூற்றிருபது, ஆளுக்கு நாற்பது. ஓரத்தில் பென்சிலால் நாற்பது என்று போட்டுவிட்டு, அதன்பின் இஞ்ஞாசிக்காக வழியை எழுத ஆரம்பித்தேன். அகலம் எக்ஸ். இரண்டு அகலம் போக மீதிக் கம்பி நீளத்துக்கு. இரண்டையும் பெருக்கிப் பரப்பு. வகைக்கெழு எடுத்துப் பூச்சியத்துக்குச் சமன்படுத்தினால், எக்ஸ் முப்பது.

முப்பதா? வழியில் எங்கோ சறுக்கிவிட்டேன் என்று முழுவதையும் மறுபடி போட்டேன். மறுபடியும் முப்பது. என் மனக்கணக்கு அதுவரை ஒருமுறைகூடப் பொய் சொன்னதில்லை. நாற்பதைப் பார்த்து, இது எங்கன இருந்து வந்துச்சு என்று எனக்கு நானே கேட்டேன். நாற்பதை நாற்பதால் பெருக்கினால் ஆயிரத்து அறுநூறு. அகலம் முப்பது என்றால் நீளம் அறுபது. பெருக்கினால் ஆயிரத்து எண்ணூறு. இருநூறு சதுர மீட்டர் நிலத்தைக் கோட்டைவிடப் பார்த்திருக்கிறேன். மதில் சும்மா கிடைக்கிறது; சும்மா கிடைக்கிற பக்கத்தை நீளமாக எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது ஒரு வியாபாரி மகளுக்குத் தோன்றவில்லை. ஓரத்தில் இருந்த நாற்பதை ரப்பரால் தேய்த்துத் தேய்த்து, தாள் கிழிந்துவிடும் என்று பயந்து நிறுத்தினேன்.

வெளியே வந்ததும் கேட்டருகில் இஞ்ஞாசிதான் முதலில் வாயைத் திறந்தாள். மதில் கணக்குக்கு என்ன எழுதினீங்க என்று கேட்டாள். நாங்கள் இருவரும் செங்கமலத்தைப் பார்த்தோம். எண்பது மீட்டருக்கு அதே கணக்கு புத்தகத்தில் உண்டு; கிட்டங்கியில் எண்ணை மாற்றியதோடு நான் சரி, போட்டவள் அவள்தான். அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

"புஸ்தகத்துல இருபது, நாற்பது" என்றாள்.

எனக்கு அந்தத் தையல் மிஷின்கள் மூன்றும் ஓடுகிற சத்தமே கேட்டுவிட்டது.

அவள் கண்ணைத் திறந்தாள். "நான் முப்பது, அறுபதுன்னு எழுதினேன். கேள்வியைப் படிக்கறச்சேயே உன் குரல் கேட்டுதுடி, எண்பது இல்லைன்னு."

எனக்கும் அதுதான் என்றாள் இஞ்ஞாசி. எனக்கும் என்றேன். ஓரத்தில் போட்ட நாற்பதைப் பற்றி மூச்சுவிடவில்லை. எல்லாவற்றையும் சொல்லிவிடுகிற அளவுக்கு நான் இன்னும் கெட்டுப்போயிருக்கவில்லை.

முடிவு பேப்பரில் வந்தபோது எங்கள் நம்பர்கள் மூன்றும் அடுத்தடுத்து, இடையில் ஒன்றுகூட விடாமல், தோள் உரசி நின்றன. அன்று காலையே தலைமையாசிரியை ஆளைவிட்டுத் தையல் மிஷின்களைக் கீழே வேறு அறைக்குக் கொண்டுபோகச் சொன்னார். தூக்க வந்தவர் சொரிமுத்து, பள்ளிக்கூடத்துப் பியூன். நாங்கள் மூவரும் ஆளுக்கொரு மிஷினுக்குக் கைகொடுத்தோம். படியிறங்கும்போது, பாவம், தைக்கிற பிள்ளைகளுக்கும் ஒரு அறை வேணும்லா என்றாள் இஞ்ஞாசி. ஜெயிக்கிறவளுக்கு அந்தத் தாராளமெல்லாம் வரும். அந்த வருஷம் கணக்குப் பிரிவில் சேரப் பதினோரு பேர் விண்ணப்பம் கொடுத்தார்கள்.

மார்க் லிஸ்ட் வந்தது அதற்கடுத்த வாரம். கணக்கில் செங்கமலத்துக்கு நூற்றெண்பத்து நான்கு, இஞ்ஞாசிக்கு நூற்றைம்பத்தெட்டு. என்னுடையதைப் பார்த்துவிட்டு நேராக மண்டிக்கு நடந்தேன். வியாபார நேரத்தில் வீட்டுப் பெண்கள் முன்வாசலில் ஏறுவதில்லை. ஏறினேன். அய்யாவைச் சுற்றி விருதுநகர் வியாபாரிகள் மூன்று பேர். பேரம் பாதியில் இருந்தது. என் கையில் இருந்த தாளை அய்யா பார்த்தார். துண்டை எடுத்துக் கையின்மேல் போட்டு, என் பக்கமாக நீட்டினார்.

அதற்கு அடியில் கையை விட்டேன். முதலில் ஒரு விரலைப் பிடித்தேன். பிறகு ஐந்தையும் சேர்த்துப் பிடித்து, மேலே ஒன்று. பிறகு மூன்று. உறுதிப்படுத்திக்கொள்ள அவர் அதே வரிசையில் என் விரல்களைத் திருப்பிப் பிடித்தார். முகத்தில் ஒன்றும் இல்லை, மீசைகூட அசையவில்லை. பேரம் முடிந்தால் கையை விட்டுவிடுவதுதான் வழக்கம். அவர் விடவில்லை.

விருதுநகர்க்காரர் ஒருவர் சிரித்துக்கொண்டு, "என்ன அண்ணாச்சி, மகள்கிட்டயே பேரமா? என்னதான் விலை?" என்றார்.

அய்யா துண்டை எடுத்து ஓர் உதறு உதறித் தோளில் போட்டார். வாயால் விலை சொல்லி நான் கேட்டிராத மனுஷர், எதிர்க்கடைக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்:

"நூத்தி அறுபத்து மூணு. இருநூத்துக்கு. கணக்குல."

அவர்கள் மூவரும் என்னைப் பார்த்தார்கள். பொம்பளைப்பிள்ளை கணக்கில் இவ்வளவு எடுப்பதாவது, எப்படி எடுத்தாள் என்று ஒருவர் கேட்டார். அய்யாவிடம் இப்படிக் கேட்டவர்களுக்கு இதுவரை பதில் கிடைத்ததில்லை. நான் அவர் முகத்தைப் பார்த்தேன்.

"ஏளா, கேக்காங்கல்லா. வழியையும் சொல்லு."

சொன்னேன். தையல் மிஷினில் ஆரம்பித்து, ஒரு வரி விடாமல்.