முந்திக்கொள்ளும் விரல்கள்

1.

இந்தக் கதை எனக்கு ஒரு முதுகிலிருந்து கிடைத்தது. வெர்னுடைய முதுகு. ஏரிக்கரை ஊரான டுலூத்தில் நான் குடியிருக்கும் வீட்டின் கீழ்த்தளத்துக்காரர், நகராட்சியின் பனி அள்ளும் வண்டியை ஓட்டுகிறவர். அவருடைய அம்மாவை அடக்கம் செய்த மதியம், தேவாலயத்தின் கீழறையில் எல்லாரும் காபியும் ஹாட்டிஷ் என்கிற உருளைக்கிழங்குப் பதார்த்தமுமாக உட்கார்ந்திருந்தோம். வெர்ன் தன் மனைவி லோர்னாவைக் கட்டிக்கொண்டு அழுதார். அழுகைக்கு நடுவில் சட்டென்று நிமிர்ந்தார்.

"அடியே, என் முதுகுல டைப் அடிக்கிறியா?"

"இல்லியே."

"அப்ப நான் கடைசியா என்ன சொன்னேன்?"

"'அம்மாவுக்கு இந்தக் காபி பிடிக்கவே பிடிக்காது'ன்னு சொன்ன. அப்புறம் மூக்கை உறிஞ்சின."

பக்கத்தில் இருந்த நான் சிரித்துவிட்டேன். நல்லவேளை, வெர்னும் சிரித்தார். அன்றைக்கே எழுத உட்கார்ந்தேன்.

2.

தொடக்கம் ஒன்று: "ஊரே உறங்கும் நள்ளிரவில் ஒரு பெண் மட்டும் விழித்திருந்தாள்." [பதிவிலிருந்து நீக்கவும். லோர்னா ஒன்பது மணிக்கெல்லாம் குறட்டை விடுகிறவள்.]

தொடக்கம் இரண்டு: "விடாமுயற்சி என்பது" [இதையும் நீக்கவும். நான் என்ன பள்ளி ஆண்டுவிழாவிலா பேசுகிறேன்?]

நேராகவே சொல்லிவிடுகிறேன். லோர்னா ஒரு பள்ளியின் சாப்பாட்டுக் கூடத்தில் வேலை பார்க்கிறாள். ஐம்பதை நெருங்குகிறாள். நீதிமன்றத்தில் சுருக்கெழுத்தர் ஆக வேண்டும் என்று ஆசை. வக்கீலும் சாட்சியும் பேசப் பேச, சின்ன எந்திரம் ஒன்றில் பல விசைகளைச் சேர்த்து அழுத்தி, ஒரு சொல் விடாமல் பதிய வேண்டும். பாடங்களை எல்லாம் முடித்துவிட்டாள். மிச்சம் இருப்பது வேகத் தேர்வு மட்டும்: நிமிடத்துக்கு இருநூற்று இருபத்தைந்து சொல். அதில்தான் திரும்பத் திரும்பத் தோற்கிறாள். இந்த வசந்தத்திலும் தேறாவிட்டால் பயிற்சிப் பள்ளி அவளை நீக்கிவிடும்.

(ஓரத்தில் ஒரு குறிப்பு: அடைப்புக்குறிகள் அவளிடமிருந்து வாங்கியவை. நீதிபதி "பதிவிலிருந்து நீக்கவும்" என்றால் சுருக்கெழுத்தர் எதையும் அழிப்பதில்லையாம். சொன்னதும் இருக்கும், நீக்கச் சொன்னதும் இருக்கும். "சொன்னது சொன்னதுதானே" என்றாள். அதனால் நானும் எதையும் அழிக்கவில்லை.)

3.

இந்தப் பாத்திரத்தின்மேல் எனக்கு ஒரு சந்தேகம். உழைப்பில் குறையில்லை. சாப்பாட்டுத் தட்டில் அடிப்பாள், ஸ்டியரிங்கில் அடிப்பாள், ஹாக்கி வர்ணனையாளர் தொண்டை கிழியக் கத்துவதை அடிப்பாள். சாயங்காலம் வெர்ன் அன்றைக்குப் பட்ட பாட்டைக் கடகடவென்று சொல்ல, அதையும் அடிப்பாள். வீட்டில் ஒரு பிழை இருக்காது. தேர்வில் முன்பின் தெரியாத குரல் கேட்டதும் எல்லாம் குளறிப்போகும். ஏன்?

கண்டுபிடித்தது நானல்ல, வெர்ன். ஒருநாள் வேண்டுமென்றே பாதியில் நிறுத்தினார். "காலையில வண்டியைக் கிளப்பினேனா, டீசல்..." லோர்னாவின் எந்திரத் திரையில் "டீசல் உறைஞ்சு போச்சு" என்று வந்துவிட்டது.

"நான் இன்னும் சொல்லவே இல்லியே!"

"குளிர்காலம் முழுக்க அதைத்தானே சொல்ற."

"அதான் தாயே உன் கோளாறு. நீ எங்க காதால கேக்கற? விரல் தானா முந்திக்கிட்டு ஓடுது."

அது அவளைச் சுட்டது. மறுநாள் எந்திரத்தோடு மாடியேறி வந்தாள்.

"எழுத்தாளரம்மா, நீங்க அடுத்து என்ன சொல்வீங்கன்னு எனக்கு ஒருநாளும் புரிஞ்சதில்ல. எதையாவது படிங்க."

இதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன்.

4.

கையில் இருந்தது இந்தக் கதைதான். தமிழில் எழுதியதை அப்படியே இங்கிலீஷில் மாற்றி வேகமாகச் சொன்னேன். அப்போது இதற்கு ஒரு முடிவும் வைத்திருந்தேன்: "லோர்னா தேர்வில் தேறினாள்."

அவள் திருப்பிப் படித்துக் காட்டினாள். முதுகு சரி, காபி சரி, நடுவில் நான் தும்மியதுகூடச் சரி. கடைசி வரி: "லோர்னா தேர்வில் தோற்றாள்."

"நான் அப்படிச் சொல்லலியே, லோர்னா."

"சொன்னீங்களே."

"தேறினான்னுதான் சொன்னேன்."

திரையைப் பார்த்தாள். கழுத்துவரை சிவந்துவிட்டது. வெர்னுடைய டீசலைப் போலவே இதையும் அவள் விரல்கள் முந்திக்கொண்டு அடித்திருந்தன. இவ்வளவு பாடுபடுகிற ஒருத்தி, உள்ளுக்குள் எப்போதோ தோற்று முடித்திருக்கிறாள்.

இங்கே அவளை அழவைக்கலாம் என்று [நீக்கவும். அவள் அழவில்லை.] எந்திரத்தை நேராக்கினாள்.

"நாளைக்கு வேற முடிவு எழுதி வைங்க. என்னன்னு முன்னாடியே சொல்லிடாதீங்க."

5.

இப்படித்தான் இந்தக் கதைக்கு முடிவுகள் பெருகின. லோர்னா தேறினாள். தோற்றாள். தேர்வு நாளில் ஏரியிலிருந்து மூடுபனி வந்து பயிற்சிப் பள்ளியையே காணவில்லை. தேர்வாளருக்கு விக்கல் எடுத்தது. லோர்னாவுக்குப் பதில் வெர்ன் தேறினார். "தேறினாள்" வருகிற இடத்தில் அவள் கை முதலில் தடுமாறியது. போகப்போகத் தடுமாற்றம் குறைந்தது. எனக்குத்தான் கற்பனை வற்றியது.

வெர்னையும் விடவில்லை. "எனக்குத் தெரியாததா ஏதாவது சொல்லு" என்று உயிரை எடுத்தாள். பாவம், மனுஷன் யோசித்து யோசித்து, சின்ன வயதில் பாலே நடனம் ஆட ஆசைப்பட்டதைச் சொன்னார். அவள் ஒரு சொல் பிசகாமல் அடித்து முடித்தாள். அதற்குப் பிறகுதான் வாயைப் பிளந்தாள்.

"பாலேயா? நீயா?"

"பதிவிலிருந்து நீக்கிடு தாயே."

"நீக்க முடியாதுய்யா!"

6.

மே மாதம் தேர்வு எழுதினாள். இன்று முடிவு வந்திருக்கிறது. என் மேசையில் மடிக்கணினி திறந்திருக்கிறது. எதிரே லோர்னா, எந்திரத்தோடு. வெர்ன் "நான் பாக்க மாட்டேம்பா" என்று ஜன்னல் பக்கம் திரும்பி முதுகைக் காட்டி நிற்கிறார்.

"நீங்க பாத்துப் படிங்க. எப்பவும் போல வேகமா."

திரையில் ஒரே வரி. படித்துவிட்டேன். உங்களுக்குச் சொல்லலாம்தான். ஆனால் இத்தனை முடிவுகளை அளந்துவிட்டவள் நான், இதையும் அவற்றில் ஒன்றென்றுதான் நினைப்பீர்கள். அதோடு, நான் இப்போது திரையைப் பார்க்கவில்லை. அவள் விரல்களைப் பார்க்கிறேன். விசைகளின்மேல் இருக்கின்றன. தேறினாள் என்றும் அடிக்கவில்லை, தோற்றாள் என்றும் அடிக்கவில்லை. என் வாயிலிருந்து சொல் வரட்டும் என்று காத்திருக்கின்றன. எனக்கு அழுகை வருகிறது, சந்தோஷத்தில்.

"சொல்லுங்கம்மா, நான் தயார்" என்கிறாள்.

அழுதுகொண்டே வேகமாகப் படிக்க எனக்கு வராது. வாசகரே, நீங்கள் சொல்லுங்கள், வாய்விட்டு, வேகமாக. எதைச் சொன்னாலும் சரியாக அடித்துவிடுவாள்.

லோர்னா தேர்வில்