தக்காளிக்கு மாவுக்கட்டு

ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டு போட்டே காலத்தை ஓட்டி, போன மாதம்தான் ஓய்வு பெற்றிருந்தார் அவர். வீட்டுக்குப் பின்னால் இருந்த தோட்டம் மனைவியின் ராஜ்ஜியம். அங்கே அவர் தண்ணீர்க் குழாயைத் தூக்கிப் பிடித்ததோடு சரி. அவர் வெறுமனே சுற்றிச் சுற்றி வருவதைப் பார்த்து மனம் இரங்கிய மனைவிதான், "தக்காளிக்குக் குச்சி நட்டுக் கட்டிடுங்க" என்று ஒரு வேலையை ஒப்படைத்திருந்தாள்.

மனிதருக்குத் தலைகால் புரியவில்லை. கட்டுப்போட அவருக்குச் சொல்லியா தரவேண்டும்? ஒவ்வொரு செடியையும் குச்சியோடு சேர்த்துச் சணல் கயிற்றால் இம்மியும் அசையாதபடி இறுக்கினார். அசைந்தால் எலும்பு சேராது என்பது கையில் ஊறிப்போன பாடம். தக்காளிக்கு எலும்பு கிடையாது என்பது அவருக்கு உறைக்கவே இல்லை.

இன்று காலையில் போய்ப் பார்த்தால், கொத்துக் கொத்தாய்க் காய்த்திருந்த ஒரு செடி கயிறு அறுத்த இடத்தில் பாதி முறிந்து, தலை தொங்கி நின்றது. கிடைத்த ஒரே உத்தியோகம், அதிலும் முதல் வாரமே வேலையைக் காட்டியாயிற்று. இதுவும் போனால் பகல் முழுக்க எங்கே போய் நிற்பது என்று நிஜமாகவே பயந்தார். மனைவி குளித்துவிட்டு வருவதற்குள், அலமாரியில் கிடந்த பழைய மாவுத்துணியை நனைத்து, தண்டை நிமிர்த்தி, தொழில் சுத்தமாக ஒரு கட்டுப் போட்டுவிட்டார்.

அவள் ஈரத்தலையோடு வந்தாள். வெள்ளைக் கட்டைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள்.

"பேஷன்ட் எப்ப எழுந்து நடப்பாரு?"

"தப்பு என்மேலதான். இறுக்கிட்டேன்."

"கல்யாணத்துக்கு முன்னாடி நான் கை ஒடிஞ்சு ஆஸ்பத்திரிக்கு வந்தப்ப நீங்கதானே கட்டு போட்டீங்க? உள்ள ஒரு விரல் நுழையணும், இல்லேன்னா ரத்தம் ஓடாதுன்னு அத்தனை தடவை விட்டுவிட்டுப் பாத்தீங்க."

"கட்டு சரியா இருக்கான்னு பாக்கத்தான்."

"கூட வந்த எங்கம்மாவும் அப்படித்தான் நம்பிக்கிட்டிருந்தாங்க."

அவருக்குக் காது சூடானது. அவள் உள்ளே போய் அவருடைய பழைய பனியன் ஒன்றை நாடா நாடாவாகக் கிழித்து எடுத்து வந்தாள்.

"மத்ததையும் அவுத்துட்டு இதுல கட்டுங்க."

உத்தியோகம் போகவில்லை. அப்பாடா என்று உட்கார்ந்து ஒவ்வொரு முடிச்சாக அவிழ்த்து, பனியன் துணியால் தளர்வாகக் கட்டி, விரல் விட்டுப் பார்த்தபடியே நகர்ந்தார். அவளும் பக்கத்தில் குந்தி, கிளைகளைத் தூக்கிப் பிடித்தாள். கடைசிச் செடியில் அவர் விரலை எடுப்பதற்குள் அவள் விரலும் உள்ளே வந்தது.

"ரொம்பத் தளந்திருச்சோ?" என்றார்.

அவள் விரலை எடுக்கவில்லை. காற்றுக்குச் செடி கொஞ்சம் ஆடியது.