நவ்வாஃப் கன்வெர்ட்டர் மாற்றிய வெள்ளிக்கிழமை

அந்த வெள்ளிக்கிழமை நவ்வாஃபின் வீட்டு முற்றத்தில் இருந்தவர்கள் நான்கு பேர். அத்தி மரத்தடியில், மெத்தை விரித்த இரும்புக் கட்டிலில் பெரியப்பா அபூ துர்கி. சமையலறை வாசற்படியில், மடி நிறையக் கீரையை வைத்து ஆய்ந்துகொண்டு நவ்வாஃபின் மனைவி தஹானி. பிளாஸ்டிக் நாற்காலியில், முதுகு சாயாமல், கோடு போட்ட நோட்டுடன் இந்திசார். நான்காவது ஆள் உட்காரவில்லை. இந்திசாருடைய வெள்ளைக் காருக்கு அடியிலிருந்து நவ்வாஃபின் கால்கள் இரண்டு மட்டும் வெளியே நீண்டிருந்தன. அவனிடம் பார்க்கும்படியாக இருப்பது அந்தப் பகுதிதான் என்று இந்திசார் நினைத்துக்கொண்டாள்.

நவ்வாஃப் அவளுடைய கணவனின் தம்பி. அண்ணனும் தம்பியும் ஒரே நாளில், ஒரே கப்பலில் வந்த ஒரே மாதிரிக் கார்கள் இரண்டை வாங்கினார்கள். வெள்ளை அண்ணனுக்கு, சாம்பல் தம்பிக்கு. அண்ணன் செத்து நான்கு வருடம் ஆகிறது. இந்த வசந்தத்தில் வெள்ளைக் கார் மேட்டில் மூச்சு வாங்க ஆரம்பித்தது. புகையைச் சுத்தம் செய்யும் கன்வெர்ட்டர் அடைத்துவிட்டது என்றார்கள். அதே வாரம் பள்ளத்தாக்குக்கு அப்பாலுள்ள பெண்கள் பள்ளிக்கு அவளைத் தலைமை ஆசிரியையாகப் போடும் உத்தரவு வந்தது. சம்மதம் என்று எழுதிக் கொடுக்கச் சனிக்கிழமை கடைசி. காலை ஏழு மணிக்கு அந்த ஊருக்குப் பஸ் கிடையாது. காரின் உரிமமோ இந்த மாதத்தோடு முடிகிறது. புகைச் சோதனையில் தேறினால்தான் புதுப்பிப்பார்கள். மாதபா நகரக் கல்வி அலுவலகத்தில் பதினெட்டு வருடம் காத்திருந்து வாங்கிய பதவி, ஒரு தகரப் பெட்டியை நம்பி நின்றது.

பட்டறைக்கே போயிருப்பாள். கொழுந்தன் இருக்கும்போது அண்ணி பட்டறை வாசலில் போய் நிற்பதா என்று குடும்பத்தில் பேச்சு வந்தது. பேச்சைக் கிளப்பியவன் நவ்வாஃப். வளைகுடாவில் மூன்று வருடம் டயர் கிடங்குக்குக் காவல் இருந்துவிட்டு வந்து, இன்ஜினைப் பிறப்பித்தவன் போலப் பேசுகிறவன். போன வாரம் இதே முற்றத்தில் பழைய கன்வெர்ட்டரைக் கழற்றி, "இதே மாதிரி புதுசு வாங்கிட்டு வரேன் அண்ணி, நீங்க கவலையே படாதீங்க" என்று எடுத்துப் போனான். கொடுக்கும் முன் இந்திசார் அதை நோட்டில் வரைந்துவைத்தாள். பள்ளத்தாக்கு இறக்கத்தில் அவள் கணவன் ஒருமுறை கல்லில் இடித்ததால் விழுந்த பிறை போன்ற பள்ளம், விளிம்பிலிருந்து நான்கு விரற்கடை. எதையும் கொடுக்கும்போது குறித்துக்கொள்வது அவள் பழக்கம். நவ்வாஃப் அதைப் பார்த்துச் சிரித்தான்.

இன்று செய்தித்தாளில் சுற்றி, பளபளவென்று வெள்ளிச் சாயத்தில் ஒன்றைக் கொண்டுவந்தான். கையில் வாங்கிப் பார்க்கிறேன் என்றதற்கு, "கை அழுக்காயிடும் அண்ணி" என்று காருக்கடியில் புகுந்துகொண்டான்.

"பெரியப்பா, இதுக்குக் கை பழகியிருக்கணும்," என்று அடியிலிருந்து சொற்பொழிவு வந்தது. "பட்டறைக்காரனுக்கு அரை நாள். எனக்கு ஒரு மணி நேரம்."

"ரெண்டரை ஆச்சு," என்றாள் தஹானி, கீரையைப் பார்த்துக்கொண்டு.

அவன் தவறவிட்ட நட்டு ஒன்று உருண்டு இந்திசாரின் செருப்பருகே வந்தது. குனிந்து எடுத்தவள் அப்படியே கொஞ்சம் கூடுதலாகக் குனிந்தாள். வெள்ளிச் சாயத்துக்கு அடியில், பிறை போல ஒரு பள்ளம். விளிம்பிலிருந்து நான்கு விரற்கடை. கோபம் வரும் என்று எதிர்பார்த்தாள்; வரவில்லை. திருடத் தெரிந்தவனுக்கு அதை நிரவத் தோன்றவில்லையே என்ற ஏளனம்தான் வந்தது. இவ்வளவு சோம்பேறித்தனத்தோடு ஒருவன் ஏமாற்றவும் வேண்டுமா?

நட்டை அவன் கையில் வைத்துவிட்டு நாற்காலிக்குத் திரும்பினாள். தஹானி ஏலக்காய் மணக்கக் காப்பி ஊற்றிக் கொடுத்தாள். இந்திசார் அந்தக் கைப்பிடியில்லாத சின்னக் கோப்பையை உதட்டில் வைக்காமல் தரையில் வைத்தாள்.

அபூ துர்கி எழுந்து உட்கார்ந்தார். பெண் கேட்க வரும் கூட்டத்தில் மூத்தவர் செய்கிற காரியம் அது. கேட்டது கிடைக்காமல் கோப்பையைத் தொடமாட்டார். காப்பியை அப்படியே விட்டு விருந்தாளி எழுந்து போனால், வீட்டுக்காரன் பிறகு தெருவில் தலை காட்ட முடியாது. இருபத்திரண்டு வருடம் முன்பு இந்திசாரைப் பெண் கேட்டு அவள் தகப்பன் வீட்டில் அப்படிக் கோப்பையைக் கீழே வைத்தவர் இதே அபூ துர்கிதான்.

"டேய், உன் வீட்ல ஒரு கோப்பை கீழ போயிருக்குடா," என்றார். குரலில் ஒரு குஷி.

காருக்கடியில் சிரிப்பு. பள்ளத்தாக்குப் பள்ளிக்குப் போக அவனிடம் அனுமதி கேட்கப் போகிறாள் என்று நினைத்திருப்பான். பெரியப்பா எதிரில் தாராளம் காட்ட இதைவிட நல்ல சமயம் ஏது? "குடிங்க அண்ணி! என்ன கேட்டாலும் குடுத்தாச்சு!"

"கேட்டீங்கல்ல மாமா?" என்றாள் இந்திசார்.

"கேட்டேன். காது நல்லாத்தான் இருக்கு."

இந்திசார் காரின் பக்கம் திரும்பினாள். "அப்ப உன் சாம்பல் காரோட கன்வெர்ட்டரைக் கழட்டி என் கார்ல மாட்டு. என்னோடதை நீ வெச்சுக்கோ."

கால்கள் அசைவதை நிறுத்தின. பிறகு முழங்கால், வயிறு, துருப்பொடி அப்பிய முகம் என்று நவ்வாஃப் ஒவ்வொரு பாகமாக வெளியே வந்தான். "புதுசு மாட்டியிருக்கேன், பழசைக் கேக்கறீங்களே?"

இந்திசார் நோட்டை விரித்து அபூ துர்கியிடம் நீட்டினாள். "இந்தப் பள்ளம் அதுலயும் இருக்கு மாமா. கம்பெனியிலயே கல்லுல இடிச்சுத்தான் அனுப்புறாங்க போல."

"எல்லாத்துலயும் அப்படி ஒண்ணு இருக்கும், அது டிசைன்..."

"தட்டுடா பார்ப்போம்," என்றார் அபூ துர்கி.

அவன் தட்டவில்லை. இந்திசார் ஸ்பேனரை எடுத்துத் தானே தட்டினாள். காலி டின் மாதிரி கணகணத்தது.

"உள்ள இருந்த தேன்கூடு மாதிரிச் சல்லடை மாடியில இருக்கு," என்றாள் தஹானி, ஒரு காம்பைக் கிள்ளி எறிந்தபடி. "கோழித் தீவனச் சாக்குல. அதுல இருக்கற பிளாட்டினத்துக்காக வாங்குற ஆள் நாளைக்கு வரான்."

நவ்வாஃப் மனைவியை முறைத்தான். அவள் அடுத்த காம்பை எடுத்தாள்.

"அடைப்பு எடுத்துட்டா மேடு ஜோரா ஏறும் அண்ணி, உங்க நல்லதுக்குத்தான்..."

"புகைச் சோதனையில?"

"பொம்பளைங்க கோப்பை வைக்கிறதெல்லாம் வழக்கமே இல்ல பெரியப்பா," என்று அடுத்த வழிக்குப் போனான்.

"விதவையோட சாமானைத் தோண்டி விக்கிறதும் வழக்கமில்லடா. படு கீழ."

"என் வண்டி சூடா இருக்கும்..."

"ராத்திரியிலருந்து நின்ன எடத்துலயே நிக்குது," என்றாள் தஹானி.

அவன் படுத்தான். ஆளில்லாத கடையில் தனக்குத்தானே வியாபாரம் பேசுகிறவன் போல அடியிலிருந்து முணுமுணுப்பு வந்துகொண்டிருந்தது. இந்திசார் பக்கத்தில் குந்தியிருந்து, கழன்ற ஒவ்வொரு போல்ட்டையும் நோட்டில் குறித்து, சாம்பலின் உருப்படியான கன்வெர்ட்டரை இரண்டு கையாலும் தூக்கிப் பார்த்தாள். கனத்தது. அது வெள்ளையில் ஏறியது. பள்ளம் விழுந்தது சாம்பலுக்குப் போனது. அவசரத்தில் நவ்வாஃப் அதில் ஒரு போல்ட்டை உடைத்து, மூட்டு வாயைச் சரியாக மூடாமல் விட்டான். வெள்ளைக் காரின் இன்ஜினைக் கிளப்பிப் பார்த்தபோது அபூ துர்கி, "ஓடுதா?" என்று கேட்டார், அவ்வளவு மெல்லிய சத்தம்.

இந்திசார் நாற்காலிக்கு வந்து, ஆறிப்போன காப்பியை ஒரே மடக்கில் குடித்தாள். கோப்பையை இனி வேண்டாம் என்று ஆட்டித் தஹானியிடம் கொடுத்தாள். நோட்டின் நடுவிலிருந்து தாளைக் கிழித்து எழுதினாள். தேதி, பெறுநர், பொருள். "தாங்கள் அளித்த பொறுப்பை முழு மனதுடன் ஏற்றுக்கொள்கிறேன். ஞாயிறு காலை ஏழு மணிக்குப் பணியில் இருப்பேன்." முழுவதும் ஒருமுறை படித்து, ஒரு கால்புள்ளியைத் திருத்தி, நான்காக மடித்து, நோட்டுக்குள் வைத்திருந்த உறையில் போட்டு, அதன் விளிம்பை நாக்கால் நனைத்து அழுத்தினாள்.

"கல்வி அலுவலக கேட்ல பெட்டி இருக்கு. போட்டுட்டு வா."

"நானா? வண்டி இப்ப..."

"என்ன கேட்டாலும்னு சொன்ன," என்றார் அபூ துர்கி, திரும்பப் படுத்துக்கொண்டு.

நவ்வாஃப் சாம்பல் காரைக் கிளப்பினான். முற்றத்துக் கோழிகள் சுவரேறின. டிராக்டர் பத்து சேர்ந்து இருமுகிற மாதிரி ஒரு சத்தம். எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது, அதற்கடுத்ததும் திறந்தது. கார் வெளியேறித் திரும்பியது. ரொட்டிக்கடை முக்கில் சத்தம் சற்று நின்று, மறுபடி எழுந்தது. பள்ளிவாசல் பக்கம் நாய் ஒன்று குரைத்தது. இந்திசார் பேனாவை மூடி, அவளுடைய கடிதம் எந்தத் தெருவில் போய்க்கொண்டிருக்கிறது என்று காதாலேயே பார்த்துக்கொண்டிருந்தாள்.